தள்ளி நிற்கும் டாக்டர்



பினாங்கின் சூலியா தெருவில் மதிய நேரத்து நாசி கண்டார் வரிசையில் நின்று பழகியவர்களுக்கு நான் சொல்லப்போவது சட்டென்று புரியும். கண்ணாடிக்குப் பின்னால் மீன் தலை, கணவாய், இறால், மீன் சினை, உப்பு முட்டை. கடைக்காரத் தம்பி சோற்றின் மேல் நாலு குழம்பையும் கலந்து ஊற்றுவார். சில ஆண்டுகளுக்கு முன் என் அக்காவிடம், இதில் எதுவுமே இரண்டு வாரத்துக்கு ஆகாது என்றார் ஒரு டாக்டர். தே தாரிக் கூடாது, பாலில்லாத தே ஓ குடிக்கலாம். வீட்டில் சமைத்தாலும் அயோடின் கலந்த உப்பைப் போடக் கூடாது. பெலாச்சான், நெத்திலி, கருவாடு மூன்றையும் அடுப்படியிலிருந்தே எடுத்து வைத்துவிடச் சொன்னார். அந்த டாக்டர் மலாய்க்காரப் பெண்மணி. கருவாடு, நெத்திலி என்ற சொற்களைத் தமிழிலேயே சொன்னார்.

அக்காவுக்குத் தைராய்டில் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. கழுத்தில் மிச்சம் மீதி தங்கியிருக்கக்கூடிய செல்களை அழிக்கக் கதிரியக்க அயோடின் கொடுக்க வேண்டும் என்றார்கள். கொடுக்கப்போகிறவர் அணு மருத்துவ நிபுணர். அந்தப் பெயரைக் கேட்டபோது எங்கள் வீட்டில் யார் காதிலும் மருத்துவம் என்ற சொல் விழவில்லை. அணு மட்டுமே விழுந்தது. அம்மா அன்று இரவு சாப்பிடவில்லை.

அந்த இரவை நினைத்துத்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

தைராய்டு சுரப்பிக்கு அயோடின் மீது பெரும் பசி. ரத்தத்தில் அயோடின் எங்கிருந்தாலும் இழுத்துத் தன்னுள் வைத்துக்கொள்ளும். அந்த அயோடின் கதிரியக்கம் உள்ளதா இல்லாததா என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. ஆகவே முதலில் சுரப்பியைப் பட்டினி போடுகிறார்கள். மீனும் முட்டையும் விலக்கப்படுவது அதற்காகத்தான். பசித்துக் கிடக்கும் செல்களுக்கு அயோடின்-131 போய்ச் சேர்ந்ததும், அதிலிருந்து புறப்படும் பீட்டா துகள்கள் ஓரிரு மில்லிமீட்டர் தூரமே பாய்ந்து, இருக்கும் இடத்திலேயே வேலையை முடித்துவிடுகின்றன. கூடவே வெளிப்படும் காமா கதிர்கள் உடம்பைத் தாண்டி வெளியே வரும். சில நாள் கழித்து காமா கேமராவின் கீழ் படுக்க வைத்தால், மருந்து எங்கெங்கே தங்கியிருக்கிறது என்பது படமாகத் தெரியும். கொடுத்த மருந்தே தான் போன இடத்தையும் காட்டிவிடுகிறது.

இந்த யோசனை ஒரு கேள்வியில் பிறந்தது. 1936 நவம்பரில் பாஸ்டன் நகரில் இயற்பியலாளர் கார்ல் காம்ப்டன் மருத்துவர்கள் முன் உரையாற்றினார். கேட்டுக்கொண்டிருந்த சால் ஹெர்ட்ஸ் என்ற இளம் தைராய்டு மருத்துவர், அயோடினைச் செயற்கையாகக் கதிரியக்கம் உள்ளதாக ஆக்க முடியுமா என்று கேட்டார். 1941 மார்ச்சில் அவரே ஒரு நோயாளிக்கு அதை முதன்முதலாகச் சிகிச்சையாகக் கொடுத்தார். இன்று இத்துறை அயோடினோடு நிற்கவில்லை. ஒரு மூலக்கூறோடு லுட்டீசியம்-177ஐ இணைத்து, அந்த மூலக்கூறு ஒட்டிக்கொள்ளும் புற்றுச் செல்களுக்கே அனுப்புகிறார்கள். சிலவகை நரம்பு நாளமில்லாக் கட்டிகளுக்கு 2018இலும், முற்றிய புராஸ்டேட் புற்றுநோய்க்கு 2022இலும் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. இந்தியாவில் மும்பை பரேலில் 1963 முதல் இருக்கும் கதிர்வீச்சு மருத்துவ மையம் இத்துறையில் மூத்தது. டிராம்பேயின் துருவா அணு உலையிலேயே லுட்டீசியத்தைத் தயாரிக்கிறார்கள்.

அணு மருத்துவ டாக்டர்களின் மருந்தை வாங்கி அலமாரியில் அடுக்கி வைக்க முடியாது. அயோடின்-131இன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் கரைய ஆகும் காலம், 8 நாள். விமானம் ஒரு நாள் தாமதமானால் நூற்றில் எட்டுப் பங்கு கரைந்திருக்கும். லுட்டீசியமானால் பத்துப் பங்கு. காலையில் பிடித்த மீனை மாலைக்குள் விற்றாக வேண்டிய நம் மீன்காரர்களுக்கு இந்தப் பதைப்பு நன்றாகத் தெரியும். இன்ன நாள், இன்ன நேரம், இன்ன நோயாளி, இன்ன அளவு என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுத்தான் வரவழைக்கிறார்கள். அந்த நாளுக்காக நோயாளி மூன்று நான்கு வாரம் தைராய்டு மாத்திரையை நிறுத்திவிட்டு, உடம்பு சோர்ந்து, குளிர் தாங்காமல், காரணம் இல்லாமல் அழுதபடி காத்திருப்பதும் உண்டு. அக்கா அப்படித்தான் இருந்தார்.

மருந்து கொடுக்கும் காட்சியை அக்கா பலமுறை சொல்லியிருக்கிறார். கனமான ஈயக் குடுவைக்குள் ஒரு சிறிய குப்பி, அதற்குள் ஒரே ஒரு மாத்திரை. கையால் தொடாமல் அப்படியே வாயில் சாய்த்து விழுங்க வேண்டும். அதுவரை பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்த டாக்டர், மாத்திரை உள்ளே போனதும் எழுந்து ஈயத் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றார். அக்காவுக்கு அந்த ஒரு கணம்தான் வலித்ததாம்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். நமக்கு இது வாழ்நாளில் ஓரிரு முறை. அவருக்கு இது வாராவாரம் செய்யும் வேலை. தூரம் இரண்டு மடங்கானால் கதிர்வீச்சு நான்கில் ஒன்றாகக் குறையும். அவர் மார்பில் குத்தியிருக்கும் சிறு அட்டை, வாங்கிய கதிர்வீச்சையெல்லாம் பதிவு செய்கிறது. இத்துறை ஊழியருக்கு ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட் என்று வரம்பு உண்டு. அவர் தள்ளி நிற்பதால்தான் அடுத்த வாரம் இன்னொருவரின் கையைப் பிடித்து உட்கார முடிகிறது.

அதைவிடக் கடினமான வேலை, கேள்வி கேட்பது. பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்ணிடம் கர்ப்பமா என்று கேட்டு, சோதித்தும் பார்க்க வேண்டும். தாய்ப்பால் கொடுப்பவரானால் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்ல வேண்டும். சிகிச்சைக்குப் பின் குறைந்தது ஆறு மாதம் கருத்தரிக்கக் கூடாது. புதிதாகக் கல்யாணமான பெண், பக்கத்தில் மாமியார், எதிரில் டாக்டர். இதைக் குடும்பத்தின் முன்னால் கேட்டால் உண்மை வராது. எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, அந்தப் பெண்ணின் மொழியில், குரலைத் தாழ்த்திக் கேட்கத் தெரிய வேண்டும். எந்தப் பாடப்புத்தகமும் இதைக் கற்றுத் தந்துவிடாது என்று நான் நினைக்கிறேன்.

அக்கா மூன்று நாள் தனி அறையில் இருந்தார். சாப்பாடு கதவருகே வைக்கப்பட்டது. அந்த அறைக் கழிவறையின் தண்ணீர் நேராகச் சாக்கடைக்குப் போகாது. தனித் தொட்டியில் தேக்கி, கதிரியக்கம் தணிந்த பிறகே வெளியே விடுவார்கள். பத்து அரை ஆயுள், அதாவது 80 நாள் கழிந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. தினமும் ஒருவர் வாசலில் நின்று கருவியால் அளந்தார். அளவு இறங்கியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பேத்தியை இரண்டு வாரம் மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார் டாக்டர். எந்தத் தேதியிலிருந்து தூக்கலாம் என்பதை ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தார்.

தவறு நாங்கள் செய்தோம். தேதி வந்தது, போனது. நாங்கள் குழந்தையைக் கொடுக்கவில்லை. எதற்கும் இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே என்றோம். அக்காவின் தட்டு, டம்ளர், தலையணை எல்லாம் இரண்டு மாதம் தனியாகவே இருந்தன. டாக்டர் நாள் கணக்கில் அளந்து கொடுத்த தூரத்தை நாங்கள் பயத்தால் மாதக் கணக்காக நீட்டினோம். ஒருநாள் அக்கா அந்தச் சீட்டை எடுத்து வந்து, ஒன்றும் பேசாமல் அம்மாவின் முன் வைத்தார். அம்மா எழுந்துபோய் குழந்தையைத் தூக்கி வந்து அக்காவின் மடியில் உட்கார வைத்தார்.

இன்று சூலியா தெருவிலிருந்து காரில் சில நிமிடத்தில் ரெசிடென்சி சாலை. அங்கே பினாங்கு பொது மருத்துவமனையில் அணு மருத்துவத் துறை இருக்கிறது. கடலுக்கு அப்பால் கப்பளா பத்தாஸ் பக்கம் பெர்த்தாமில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகத்தில் இத்துறைக்கு முதுநிலைப் பயிற்சியே தருகிறார்கள். மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதை அவர்கள் கண்ணில் படும்படி வையுங்கள். இதயம், எலும்பு, கண் என்றே யோசிக்கும் பிள்ளைகளுக்கு இப்படியொரு துறை இருப்பது தெரிந்திருக்கட்டும்.

உங்களிடம் ஓர் உதவி வேண்டும். அயோடின் குறைந்த உணவுப் பட்டியல்கள் ஆங்கிலத்திலும் மலாயிலும் கிடைக்கின்றன. அவற்றில் நம் ரசமும் துவையலும் இட்லிப்பொடியும் இல்லை. இந்தச் சிகிச்சையைக் கடந்து வந்தவர்களோ அவர்களுக்குச் சமைத்துக் கொடுத்தவர்களோ உங்கள் வீட்டில் இருந்தால், அந்த நாட்களில் என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதுங்கள். நிபுணர்களிடம் காட்டிச் சரிபார்த்து, வெட்டி அடுப்படியில் ஒட்டிக்கொள்ளும்படி ஒரு முழுப் பக்கமாக வெளியிடுவோம். அக்கா முதல் வரியை எழுதிக் கொடுத்துவிட்டார்: தே ஓ, சீனி போட்டு.

அன்புடன்,
ஆசிரியர்