ஓட்டை வண்டி என்று சொன்ன நண்பருக்கு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டம். தண்ணீர் லாரிக் கணக்கும் லிஃப்ட் கணக்கும் முடிந்து எல்லாரும் வடையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் "இதர விஷயங்கள்" என்று ஒரு தீர்மானம் வாசிக்கப்பட்டது. பார்க்கிங்கில் நிற்கும் பதினைந்து வருஷத்துக்கு மேற்பட்ட பழைய வண்டிகளை உரிமையாளர்கள் ஒரு மாதத்துக்குள் அப்புறப்படுத்த வேண்டுமாம். "வண்டிகள்" என்று பன்மையில் எழுதியிருந்தார்களே தவிர, அப்படி இருப்பது ஒரே ஒரு வண்டிதான். மூன்றாவது மாடித் தம்பியின் 1996 மாடல் வெள்ளை மாருதி 800.

தம்பிக்கு இங்கே சிறுசேரி சிப்காட்டில் கம்ப்யூட்டர் வேலை. அவனுக்கு இரண்டு பைத்தியம் என்று அவன் அம்மா சொல்லுவார். ஒன்று பழைய ஜப்பான் கார். இன்னொன்று ஜப்பான் கார்ட்டூன். நாற்பதாயிரத்துக்கு வாங்கின வண்டிக்கு அதைவிட அதிகமாகச் செலவு செய்து, சனிக்கிழமைதோறும் துடைத்து வைத்திருக்கிறான். நம் குடியிருப்பில் அதைவிடச் சுத்தமான கார் கிடையாது. என் மகன் காரையும் சேர்த்தே சொல்கிறேன்.

தீர்மானம் கொண்டுவந்தவர் தினமும் என்னோடு நடக்க வரும் நண்பர், பெரிய வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இதை அவர் படிப்பார். படிக்கட்டும்.

"பதினைந்து வருஷமானால் உடைக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது" என்றார். இல்லை சார். நான் அரசு அலுவலகத்தில் கிளார்க்காகக் குப்பை கொட்டிய காலத்தில் ஒன்பது வருஷம் வாகனப் பதிவு செக்‌ஷனில் உட்கார்ந்தவன். சொந்த உபயோகக் காருக்குப் பதினைந்து வருஷம் என்பது பதிவுச் சான்றின் ஆயுள், காரின் ஆயுள் அல்ல. வண்டியை ஆய்வுக்குக் காட்டி, கட்டணமும் பசுமை வரியும் கட்டினால் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம். மறுபடி ஐந்து வருஷம், மறுபடி ஐந்து. பெட்ரோல் வண்டி பதினைந்து, டீசல் வண்டி பத்து என்ற உத்தரவு டெல்லி வட்டாரத்துக்கு வந்தது. சிறுசேரி டெல்லியில் இல்லை.

ஆனால் சட்டம் உடைக்கச் சொல்லவில்லை என்பதோடு நிம்மதியாக இருக்க முடியவில்லை. உடைக்கத் தோன்றும்படி செய்கிறார்கள். காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில் இருபது வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கினார்கள். தம்பி வண்டியை வாங்கிய விலையில் கால் பங்கு! அவன் அப்பாவே இப்போது "கொடுத்துத் தொலைடா" என்கிறார்.

பழைய கார்களுக்குச் சலுகையே இல்லையா என்றால், உண்டு. 2021-ல் மத்திய அரசு 'விண்டேஜ்' வண்டிகளுக்கு விதி போட்டது. தனி நம்பர் வரிசை, நடுவில் வி.ஏ. என்று எழுத்து. முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். எந்த வண்டி விண்டேஜ்? ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்டது. இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ஐம்பது வருஷத்துக்கு முன் இந்த நாட்டில் கார் வைத்திருந்தது யார்? ராஜா, ஜமீன்தார், மில் முதலாளி, சினிமாக்காரர், டாக்டர், வக்கீல். என்னிடம் இருந்தது சைக்கிள். எங்களைப் போன்றவர்கள் காருக்குள் உட்கார்ந்தது மாருதி வந்த பிறகு. முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தது 1983 டிசம்பர் 14. அதற்கு ஐம்பது ஆக 2033 வரை காத்திருக்க வேண்டும். இந்தக் கட்டண வேகத்தில் அதற்குள் எத்தனை மிஞ்சும்?

இது பிரெஞ்சுப் படிப்பின் திமிர் என்று நண்பர் சொல்லக்கூடும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் நான் படித்தபோது பிரான்சிலிருந்து வந்திருந்த வாத்தியார் ஒருவரிடம் சித்ரோயன் 'தே ஷ்வோ' இருந்தது. தகரத்தை மடித்துச் செய்த மாதிரி இருக்கும். பையன்கள் "தகர டப்பா" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடுவோம். 1948-ல் பாரிஸ் கண்காட்சியில் அது வந்தபோது பிரெஞ்சுக்காரர்களே சிரித்தார்கள். குடியானவன் சந்தைக்கு முட்டை கொண்டுபோகச் செய்த கார் அது. 1990 வரை தயாரித்தார்கள். இன்று பிரான்சில் முப்பது வருஷமான, மூல வடிவம் மாறாத வண்டிக்குத் தனிப் பதிவு உண்டு. பிரபுவின் காருக்கும் குடியானவன் காருக்கும் அதே முப்பதுதான். பழைய வண்டிகளுக்கான உலகச் சம்மேளனமும் முப்பது என்றுதான் வைத்திருக்கிறது. நமக்கு மட்டும் ஏன் ஐம்பது?

"ரோல்ஸ் ராய்ஸ் என்றால் சரி, மாருதி ஒரு காரா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அந்த 796 சிசி வண்டி வருவதற்கு முன் அம்பாசடருக்கும் பத்மினிக்கும் பணம் கட்டி வருஷக்கணக்கில் காத்திருந்ததை எல்லாரும் மறந்துவிட்டோம். இதோ பக்கத்தில் வண்டலூரில்தான் ஸ்டாண்டர்டு கார் செய்தார்கள். அந்த ஹெரால்டு இன்று எங்கே? சுசுகி கம்பெனியே 1909-ல் ஹமமட்சு ஊரில் தறி செய்ய ஆரம்பித்த பட்டறை. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்குத் தறிக்காரன் கார் இளப்பமா?

என் கதையையும் சொல்ல வேண்டும். 1992-ல் ஜி.பி.எஃப். கடன் போட்டு ஐந்து வருஷம் ஓடிய மாருதி ஒன்று வாங்கினேன். என் சம்சாரத்தைப் பிரசவத்துக்கு அழைத்துப்போனது அதில்தான். மாமல்லபுரம் போகும்போது பின்சீட்டில் நான்கு பிள்ளைகளும் ஒரு புளிசாதத் தூக்கும் இருக்கும். 2009-ல் இதே "ஓட்டை வண்டி" பேச்சைக் கேட்டு பதினெட்டாயிரத்துக்குத் தள்ளிவிட்டேன். வாங்கினவர் ஓட்டப்போகிறார் என்று நினைத்தேன். அது புதுப்பேட்டைக்குப் போய்ப் பிரிந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. சம்சாரம் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவள் போய் ஆறு வருஷமாகிறது. இன்று அவள் கைபட்ட கதவுப்பிடி ஒன்று கூட என்னிடம் இல்லை.

கடைசியாக, "ஜப்பான் மோகம், அடிமைப் புத்தி" என்ற குற்றச்சாட்டு. 1998-ல் நம்ம ரஜினியின் 'முத்து' டோக்கியோவில் ஓடியபோது பூரித்துப் போனோமே, அப்போது ஜப்பான்காரனுக்கு அடிமைப் புத்தி என்று யாராவது சொன்னோமா? யூகோ சாகோ என்ற ஜப்பானியர் நம்ம ராம் மோகனோடு சேர்ந்து எடுத்த ராமாயணக் கார்ட்டூன் 2025 ஜனவரியில் தமிழ் பேசி தியேட்டருக்கு வந்தது. அந்த மாதிரி ராமாயணம் நாம் எடுத்திருக்கிறோமா? எனக்குச் சின்ன வகுப்பில் "நம் முன்னோர்களான கோல் இனத்தவர்" என்று பிரெஞ்சுப் புத்தகம் பாடம் சொன்னது. நான் கோல்காரனாகவா ஆனேன்? காலையில் பழைய சோறுதான்.

தம்பி காட்டியதால் அந்தக் கார்ட்டூனையும் பார்த்தேன். 'இனிஷியல் டி' என்று பெயர். அப்பா டோஃபு கடை வைத்திருக்கிறார். டோஃபு என்றால் சோயாவில் செய்த பனீர் மாதிரி. பையன் விடிகாலையில் பழைய டொயோட்டா ஏ.இ.86-இல் மலை ஏறி டெலிவரி கொடுக்கிறான். கோப்பையில் தண்ணீர் வைத்து அது சிந்தாமல் வளைவில் திருப்ப வேண்டும். (நம் படூர் வேகத்தடைகளில் முயற்சி செய்ய வேண்டாம்.) அந்தக் கார் வந்ததும் 1983-ல், நம் மாருதி பிறந்த அதே வருஷம். டெலிவரிக் கடைப்பையனின் கார் அது. டொயோட்டா 2021-ல் அதற்கு மறுபடி உதிரிபாகம் செய்ய ஆரம்பித்தது. நம் நாட்டில் மூன்று வருஷத்துக்கு மேற்பட்ட பழைய காரை இறக்குமதி செய்ய விடமாட்டார்கள் என்பதால் தம்பிக்கு அது கிடைக்காது. அதனால் இங்கே இருக்கிற சுசுகியைக் காப்பாற்றுகிறான். இதில் அடிமைத்தனம் எங்கே வந்தது?

புகையைப் பற்றி நண்பர் சொன்னதில் நியாயம் உண்டு. பழைய கார்புரேட்டர் எஞ்சின் புது வண்டியைவிட அதிகமாகத்தான் புகை விடும். ஜப்பானிலேயே பதின்மூன்று வருஷம் தாண்டிய பெட்ரோல் காருக்கு வரி கூடுதல். சரி, வருஷத்துக்கு ஒருமுறை கண்டிப்பாகச் சோதியுங்கள். வாரக் கடைசியில் மட்டும் ஓட்டச் சொல்லுங்கள். முப்பது வருஷமான வண்டி மூல வடிவத்தில் இருந்தால் விண்டேஜ் என்று எழுதிக்கொடுத்து, கட்டணத்தை ஒரு கிளார்க் கட்டக்கூடிய அளவில் வையுங்கள். இதைத்தான் அமைச்சகத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.

தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. தம்பியின் பதிவு இந்த மாதக் கடைசியில் முடிகிறது. படிவம் 25-ஐ நேற்று நானே நிரப்பிக் கொடுத்தேன். பத்தாயிரத்தில் பாதி என் பென்ஷனிலிருந்து. அவன் வேண்டாம் என்றான். வாங்கிக்கொள் தம்பி, ஒருநாள் பின்சீட்டில் மாமல்லபுரம் வரை அழைத்துப்போ, போதும் என்றேன்.