நீரின்றியும் சாயமேற்றலாம்

விளையாட்டுச் சட்டை, புத்தகப்பை, திரைச்சீலை என நாம் அன்றாடம் பயன்படுத்தும் பொருள்கள் பல பாலியெஸ்டர் என்னும் செயற்கை இழையால் ஆனவை. அவ்விழை எளிதில் கசங்காது; விரைவில் உலரும்; விலையும் குறைவு. ஆயினும், அதற்கு நிறமூட்டும் முறையில் மாற்றம் தேவை.

பருத்தி நீரை நன்கு உறிஞ்சும். பாலியெஸ்டரோ நெகிழி வகையைச் சேர்ந்தது; நீரை ஏற்காது. ஆதலால், நீரில் எளிதில் கரையாத சாயத்தை வேதிப்பொருளின் துணையோடு நீரில் பரவச் செய்து, மூடிய கலனில் அழுத்தத்துடன் ஏறத்தாழ 130 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகின்றனர். அவ்வெப்பத்தில் இழையின் இறுக்கம் தளர, சாயம் உள்ளே புகுகிறது. பின்னர், மேலே ஒட்டியிருக்கும் சாயத்தை நீக்க மீண்டும் கழுவுகின்றனர். இக்கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் ஆற்றில் கலந்தால், நீருக்குள் சூரிய ஒளி புகுவது குறையும். நீர்வாழ் உயிரினங்கள் பாதிப்புறும்.

கழிவுநீரைச் சுத்திகரிப்பது கட்டாயமே. எனினும், கழிவு உண்டாகாமல் தடுப்பது அதனினும் சிறந்தது. அதற்கு இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது, நீருக்குப் பதிலாகக் கரியமில வாயுவைப் பயன்படுத்துவதாகும். ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும், வளிமண்டல அழுத்தத்தைப் போல் 200 மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்திலும் அவ்வாயு சாயத்தைக் கரைத்து இழைக்குள் செலுத்துகிறது. அழுத்தத்தைக் குறைத்ததும் துணி உலர்ந்தே வெளிவருகிறது. வாயுவின் பெரும்பகுதியை மீண்டும் பயன்படுத்தலாம். நெதர்லாந்தில் உருவான இவ்வகை இயந்திரம் தாய்லாந்து, தைவான் ஆலைகளிலும் பயன்பாட்டுக்கு வந்துள்ளது.

இரண்டாவது, நூலாக நூற்பதற்கு முன்பே உருகிய பாலியெஸ்டரில் நிறமியைக் கலப்பதாகும். நிறம் இழையோடு சேர்ந்தே உருவாவதால் சாயத்தொட்டி தேவையில்லை. துணியும் எளிதில் வெளுக்காது.

இம்முறைகள் நடைமுறைக்கு ஒத்துவாரா என்பர் சிலர். அவர்கள் கூற்றில் உண்மை உண்டு. உயர் அழுத்த இயந்திரத்தின் விலையைச் சிறுதொழில் செய்வோரால் தாங்க இயலாது. நிறமி கலக்கும் முறையோ ஒரே நிறத்தில் பேரளவில் தயாரித்தால்தான் கட்டுப்படியாகும். அடிக்கடி மாறும் நவநாகரிக உடைகளுக்குப் பொருந்தாது.

ஆனால், பள்ளி விளையாட்டு இல்லங்களின் சிவப்பும் நீலமும் மஞ்சளும் பச்சையும் ஆண்டுதோறும் மாறுவதில்லை. இத்தகைய சட்டைகளுக்கு இரண்டாவது முறை மிகவும் ஏற்றது. ஒரு பள்ளி மட்டும் கேட்டால் தயாரிப்பாளர் தயங்கலாம். பல பள்ளிகள் சேர்ந்து கேட்டால் அவருக்கும் இலாபம் கிட்டும். ஊர் கூடினால்தானே தேர் நகரும்?

நிறமூட்டும் முறை மாறினாலும் பாலியெஸ்டர் மக்கிப்போகாது. துவைக்கும்போது அதிலிருந்து நுண்ணிழைகள் பிரிவதும் நிற்காது. எனவே, வாங்கிய சட்டையை நெடுநாள் உடுத்துவதும் பயனீட்டாளரின் கடமையாகும். சட்டையை வாங்கும்போது நிறத்தையும் விலையையும் பார்ப்பதோடு, அந்நிறம் எவ்வாறு ஏற்றப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும். அக்கேள்வி பெருகினால் ஆலைகளும் மாறும்.