விமானிக்குத் தூக்கம் வேண்டாமா?

2025ம் வருஷம் டிசம்பர் மாத ஆரம்பத்தில் நம் தேசத்து விமான நிலையங்களில் நேர்ந்த அலங்கோலத்தை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இண்டிகோ கம்பெனியின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. பிரயாணிகள் பெட்டி படுக்கைகளுடன் வெறுந்தரையில் இராப்பொழுதைக் கழித்தார்கள். விமானிகளுக்கு அதிக ஓய்வு தரவேண்டுமென்ற புதிய விதிகளுக்கு வேண்டிய ஏற்பாடுகளைக் கம்பெனி செய்து முடிக்காததே இதற்குப் பிரதான காரணம். அப்பொழுது சிவில் விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் இலாகா செய்தது யாது? இரவு வேலை பற்றிய சில விதிகளிலிருந்து அக்கம்பெனிக்கு 2026ம் வருஷம் பிப்ரவரி 10ந் தேதி வரை விலக்களித்தது. அந்தத் தவணை கழிந்துவிட்டது. ஆனால் அது காட்டிய வழி ஆபத்தானது. நெருக்கடி வந்தால் விமானியின் தூக்கத்தை முதலில் வெட்டலாம் என்பதே அந்த வழி.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இதில் என்ன சம்பந்தம் என்று சிலர் வினவலாம். இவ்விரு ஜில்லாக்களிலும் பிரயாணிகள் விமானத்துக்கு நிலையம் இல்லை என்பது மெய்யே. ஆனால் பிழைப்பைத் தேடி வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் செல்லும் இப்பகுதி வாலிபர்கள் பெரும்பாலும் திருச்சியில்தான் விமானம் ஏறுகிறார்கள். நள்ளிரவிலும் விடியற்காலையிலும் வந்து போகும் விமானங்களில், கடன் வாங்கிச் சீட்டெடுத்துச் செல்லும் ஏழைத் தொழிலாளிகளே அதிகம். அவர்களுடைய உயிர், விமானியின் கண் இமைகளில் தொங்குகிறது.

விமானங்கள் எல்லாம் ஒரே ஜாதியல்ல. பன்னிரண்டு, பதினைந்து மணி நேரம் பறந்து கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் பெரிய விமானங்களில் மூன்று அல்லது நான்கு விமானிகள் இருப்பார்கள். அவர்கள் முறை வைத்துப் படுத்துறங்குவதற்கென்று தனி அறையும் படுக்கையும் உண்டு. திருச்சிக்கு வரும் போயிங் 737, ஏர்பஸ் 320 போன்ற விமானங்களிலோ விமானிகள் இருவரே, படுக்கையும் கிடையாது. பெரிய விமானத்தின் விமானி ஒரு பிரயாணத்தில் ஒரே தடவை தரையிறங்குகிறார். சிறிய விமானத்தை ஓட்டுகிறவரோ ஒரே நாளில் நான்கு தடவை ஏறி இறங்கலாம். தரையிறக்கமோ கைப்பழக்கத்தைச் சேர்ந்த கலை. ஆசனம் மிக உயரத்திலிருக்கும் ஜம்போ விமானத்தில் மூக்கைத் தூக்க வேண்டிய கணம் வேறு. தாழ்ந்த 737ல் அது வேறு. ஏர்பஸ்ஸில் பக்கத்திலுள்ள சிறு பிடியும், போயிங்கில் எதிரேயுள்ள சுக்கானும் கைக்கு வெவ்வேறு பாடம் கற்பிக்கின்றன. ஆகவே ஒவ்வொரு வகைக்கும் தனிப் பயிற்சியும் தனி அனுமதியும் வேண்டுமென்று விதித்திருக்கிறார்கள். களைத்த மூளையோ புதிய நிலைமையைக் கண்டறியாது பழகிய செய்கையையே பற்றிக்கொண்டு நிற்கும்.

இதற்கு நம் தேசத்திலேயே கொடிய சாட்சி உண்டு. 2010ம் வருஷம் மே மாதம் 22ந் தேதி அதிகாலையில் துபாயிலிருந்து வந்த போயிங் 737 விமானம் மங்களூர் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. இருந்தவர் 166 பேர்; மாண்டவர் 158 பேர். விமானி அறையின் ஒலிப்பதிவைச் சோதித்தபோது, தலைமை விமானி ஒரு மணி நாற்பது நிமிஷ நேரத்துக்கு உறங்கியதும், அவர் குறட்டை விட்டதும் வெளியாயின. விமானம் அளவுக்கு மீறிய உயரத்தில் வந்தது. மறுபடி மேலெழும்பிவிடும்படி துணை விமானி மும்முறை கூறினார். தலைமை விமானி செவிசாய்க்கவில்லை. 8,033 அடி நீளமுள்ள பாதையில் சுமார் 5,200 அடி கடந்த பிறகே சக்கரம் தரையைத் தொட்டது. இறக்கத்தைக் கைவிடாததே நேர்க் காரணமென்றும், நெடுந்தூக்கத்திலிருந்து விழித்ததால் உண்டான மந்தம் துணைக் காரணமென்றும் விசாரணைக் கோர்ட்டார் கண்டார்கள்.

அப்படியானால் பறக்கும்போது உறங்குவதே குற்றமா? அல்ல. அமெரிக்காவின் நாஸா ஸ்தாபனம் 1994ம் வருஷம் வெளியிட்ட ஆராய்ச்சியில், நாற்பது நிமிஷ அவகாசம் தரப்பட்ட விமானிகள் சராசரி 26 நிமிஷம் உறங்கினர். அதன்பின் அவர்களுடைய விழிப்பும் திறமையும் மேம்பட்டன. ஆனால் குட்டித் தூக்கம் நெடுந்தூக்கமாயின் மருந்தே விஷமாகும். 2011ம் வருஷம் ஜனவரி மாதம் டொராண்டோவிலிருந்து ஜூரிச் சென்ற விமானத்தில், நாற்பது நிமிஷத்துக்குப் பதில் எழுபத்தைந்து நிமிஷம் உறங்கி எழுந்த துணை விமானி, வானத்தில் ஒளிர்ந்த சுக்கிரனை முதலில் விமானமென மயங்கி, பின்னர் எதிரே வந்த விமானம் மோத வருவதாக எண்ணித் தம் விமானத்தைக் கீழ்நோக்கிச் செலுத்தினார். 16 பேர் காயமுற்றனர். ஆசனத்தில் சாய்ந்தபடி தூங்கும் தூக்கம் அவசரத்துக்கு உதவுமேயன்றி, வீட்டுப் படுக்கையில் பெறவேண்டிய தூக்கத்துக்கு ஈடாகாது.

2024ம் வருஷம் ஜனவரியில் வெளியாகி, நீண்ட வாதப் பிரதிவாதங்களுக்குப் பின் 2025ம் வருஷம் ஜூலையிலும் நவம்பரிலுமாக அமுலுக்கு வந்த விதிகள் இந்த உண்மையையே ஒப்புக்கொண்டன. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்ந்தது. இரவு என்பது காலை ஐந்து மணியோடு முடிவதாக இருந்ததை ஆறு மணி வரை நீட்டினார்கள். இரவு வேலையில் ஆறு தடவை வரை தரையிறக்கலாமென்பது இரண்டு தடவையாகக் குறைந்தது. மங்களூர் விமானம் விழுந்ததும் காலை ஆறு மணியை ஒட்டிய வேளையில்தான் என்பதை நினைத்தால், அந்த ஒரு மணி நேர நீட்டிப்பின் மதிப்பு விளங்கும்.

விமானிகள் போதவில்லை, கட்டணம் ஏறும், சேவை குறையும் என்று கம்பெனிக்காரர்கள் முறையிடுகின்றனர். ஏறக்குறைய இரண்டு வருஷம் அவகாசம் இருந்ததே! அதற்குள் விமானிகளை நியமித்திருக்கலாம். அல்லது அட்டவணையைச் சுருக்கியிருக்கலாம். இரண்டையும் செய்யாமல் கடைசியில் பிரயாணிகளின் அவதியையே வாதமாகக் காட்டி விலக்குப் பெறுவது நியாயமாகுமா? சட்டம் ஏட்டோடு நின்றால் விளைவது என்ன என்பதைப் பெரம்பலூர் வழியாகச் செல்லும் திருச்சி–சென்னை ராஜபாட்டையில் காணலாம். மோட்டார் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே வேலையென்று 1961ம் வருஷத்துச் சட்டம் கூறிற்று. அரியலூர் சிமெண்டையும் சுண்ணாம்புக் கல்லையும் ஏற்றிச் செல்லும் லாரி டிரைவர்களைக் கேட்டால், அந்தச் சட்டத்தின் கதியைச் சொல்வார்கள். தரையில் நாம் சகித்துவிட்ட அநியாயம் ஆகாயத்துக்கும் ஏறலாகாது.

2024ம் வருஷம் அக்டோபர் 11ந் தேதி மாலை, ஷார்ஜாவுக்குப் புறப்பட்ட விமானத்தின் ஹைட்ராலிக் அமைப்பில் கோளாறு ஏற்பட, அது 141 பிரயாணிகளுடன் இரண்டு மணி நேரத்துக்கு மேல் திருச்சி வானில் வட்டமிட்டது. விமானிகள் நிதானமிழக்காமல் அதைப் பத்திரமாக இறக்கினார்கள். ஜில்லா முழுவதும் அவர்களைப் போற்றிற்று. இதே சோதனை அதிகாலை ஐந்து மணிக்கு, இரவெல்லாம் விழித்து வேலை செய்த இருவருக்கு வந்திருந்தால்? புகழ்மாலை சூட்டுவது எளிது. தூங்குவதற்கு நேரம் தருவதே உண்மையான மரியாதை.

விபத்தின் பொறுப்பு எங்கே நிற்கவேண்டும் என்பதற்கு அரியலூரே தேசத்துக்குப் பாடம் கற்பித்தது. 1956ம் வருஷம் நவம்பர் மாதம் 23ந் தேதி, பெருவெள்ளத்தில் மருதையாற்றுப் பாலம் நிலைகுலைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் வீழ்ந்தது. சுமார் 150 பேர் மாண்டனர். ரெயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி அந்த ரெயிலை ஓட்டவில்லை. அந்தப் பாலத்தைக் கட்டவுமில்லை. எனினும் பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். இன்றோ விபத்து நேர்ந்ததும், வாய் திறக்க முடியாத இறந்த விமானியின் மேல் பழி முழுதும் விழுகிறது. அவருக்கு வேலை அட்டவணை வகுத்தவர்களையும் விதியைத் தளர்த்தியவர்களையும் கேட்பாரில்லை.

எவரும் பதவி விலகவேண்டுமென்று நாம் இன்று கோரவில்லை. கோருவது மூன்று. ஓய்வு விதிகளிலிருந்து இனி எந்தக் கம்பெனிக்கும் விலக்கு அளிக்கலாகாது. களைத்திருக்கிறேன், இன்று ஓட்டமாட்டேன் என்று சொல்லும் விமானிக்குச் சம்பளத்திலும் உத்தியோகத்திலும் எவ்விதத் தீங்கும் நேரக்கூடாது. இதுவரை அளித்த விலக்குகள் யாருக்கு, எத்தனை நாட்களுக்கு, எந்தக் காரணத்துக்காக என்பதைப் பகிரங்கமாக வெளியிடவேண்டும். பெரம்பலூர், சிதம்பரம் தொகுதிகளிலிருந்து பார்லிமெண்டுக்குச் சென்றுள்ள பிரதிநிதிகள் இக்கேள்விகளை எழுப்பவேண்டும்; அவர்கள் எழுப்பும்படி செய்வது இவ்விரு ஜில்லாக்களின் ஊழியர்களது கடமை. மருதையாற்றில் நேர்ந்ததற்குப் பின் ஒரு மந்திரி விலகினார். இவ்விஷயத்தில் ஆபத்து நேருமுன்பே சர்க்கார் விழித்துக்கொள்ளட்டும், விமானி உறங்கட்டும்.