மலையில வீடு கட்டக்கூடாதாம். ஆர்?

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து போனதிலிருந்து கொழும்பில் ஒரு வசனம் அடிக்கடி காதில் விழுகிறது. "மலையில இனி ஒருத்தரையும் வீடு கட்ட விடக்கூடாது." பஸ்ஸில், கன்டீனில், வட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் இதே கதைதான். நாட்டில் 600 பேருக்கு மேல் உயிரிழந்த அனர்த்தம் அது. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவுகள் குடும்பம் குடும்பமாக ஆக்களைக் கொண்டுபோயின. அதனால் இப்படிச் சொல்பவர்களின் பயம் எங்களுக்கு நன்றாகவே விளங்குகிறது. எங்கட கேள்வி அந்த "ஒருத்தரையும்" என்ற சொல்லைப் பற்றியது. மலையில் வீடு கட்ட இவ்வளவு காலமும் யாருக்கு அனுமதி இருந்தது, யாருக்கு இல்லை?

இது கொழும்புக்காரருக்குத் தேவையில்லாத விசயம் என்று நினைக்க வேண்டாம். கொட்டாஞ்சேனைச் சாப்பாட்டுக் கடைகளிலும் வெள்ளவத்தைப் புடவைக் கடைகளிலும் வேலை செய்யும் பெடியன்களில் கனபேர் ஹட்டன், பதுளை, பண்டாரவளைப் பக்கம். தீபாவளிக்கு அவர்கள் ஊருக்குப் போனால் எங்கட ரோட்டில் பல கடைகள் ஒழுங்காகத் திறபடாது. அவர்கள் போய் நிற்கிற "ஊர்" பெரும்பாலும் ஒரு லயம். 10 அடிக்கு 12 அடி காம்பரா, முன்னால் ஒரு சின்ன இஸ்தோப்பு, பக்கத்துக் குடும்பத்துக்கும் இதற்கும் நடுவில் ஒரு சுவர். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டினது.

சரி, ஏன் அவர்கள் வேறு நல்ல வீடு கட்டவில்லை? இந்தக் கேள்வியை எங்கட வகுப்பிலேயே கேட்டிருக்கிறார்கள். "நகரத்தில உழைக்கிறாங்கள் தானே, கட்டலாம் தானே?"

கொழும்பில் வீடு கட்ட என்ன வேண்டும் என்று யோசியுங்கள். முதலில் காணி. காணிக்கு உறுதி. பிறகு பிளான் கீறி மாநகர சபையில் பாஸ் பண்ண வேண்டும். அலைச்சல்தான், ஆனாலும் படிகள் தெரியும். தோட்டத்தில் அந்த முதலாவது படியே இல்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் பெருந்தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் நிர்வாகத்தைப் பிராந்தியக் கம்பனிகளிடம் கொடுத்தார்கள். பிறகு காணியை 53 வருடக் குத்தகைக்கு எழுதினார்கள். மண் அரசுக்கு, பயிர் கம்பனிக்கு. நாலைந்து தலைமுறையாக அங்கேயே பிறந்து செத்த குடும்பத்தின் பெயர் இந்தக் கடதாசி எதிலும் இல்லை. லயத்துக்குப் பின்னால் ஒரு குசினி இறக்குவதென்றாலும் தோட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். "இல்லை" என்றால் இல்லைதான். எங்கே போய் மேன்முறையீடு செய்வது?

பிரதேச சபைக்குப் போகலாமே என்பீர்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை தன் நிதியில் வேலை செய்து கொடுப்பதை அது தடுத்து வைத்திருந்தது. தோட்டத்து ஆக்கள் வோட்டுப் போடுவார்கள், அவர்கள் தெரிவு செய்த உறுப்பினர் போய்ச் சபையில் இருப்பார், ஆனால் அந்தச் சபை அவர்கள் ரோட்டுக்கு ஒரு லோட் கல் பறிக்கவும் யோசிக்க வேண்டும். 2018இல்தான் இதைத் திருத்தினார்கள். அதாவது எங்கட வயதுக்காரர் பலர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலம் வரைக்கும் இதுதான் சட்டம்.

பயிர் செய்கிற குடும்பத்துக்குக் காணியும் வீடும் கொடுக்க இந்த அரசுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 1935இலேயே காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. கல்லோயா, மகாவலி என்று பெரிய குடியேற்றத் திட்டங்கள் நடந்தன. மகாவலியில் ஒரு குடும்பத்துக்கு இரண்டரை ஏக்கர் வயலும் வீடு கட்ட அரை ஏக்கர் மேட்டுக்காணியும் கொடுத்தார்கள். அரை ஏக்கர் என்றால் 80 பேர்ச். மலையகத் தோட்டத் தொழிலாளிக்கு எத்தனையோ வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2015 அளவில் ஒத்துக்கொண்டது 7 பேர்ச். பிறகு 10 பேர்ச் என்று பேச்சு வந்தது. வயற்காணி கிடைத்த விவசாயி மேல் எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை, அவர் பட்ட கஷ்டம் வேறு கதை. ஆனால் 80க்கும் 7க்கும் இடையில் இருக்கிற தூரத்தை மண்ணின் தன்மையை வைத்து விளங்கப்படுத்த முடியாது. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தோடு சேர்த்துப் படித்தால்தான் அது விளங்கும். நாட்டுக்குச் சொந்தக்காரர் இல்லை என்று எழுதப்பட்டவருக்குக் காணி எப்படிக் கிடைக்கும்?

இப்ப "பாதுகாப்பு" என்ற விசயத்துக்கு வருவம்.

மலை ஆபத்தானது என்பது உண்மை. மண்சரிவு ஆபத்துள்ள மாவட்டங்களில் கட்டடம் கட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு வேண்டும். அது இருக்கத்தான் வேண்டும், அதைத் தளர்த்தச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. ஆனால் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். லயங்கள் மொத்தமாக மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று பல வருடங்களுக்கு முன்பே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. "எழும்பிப் போங்கள்" என்று சொல்லப்பட்ட ஆக்களிடம் போய்க் குந்த ஒரு பேர்ச் காணி இருக்கவில்லை. வேலை விட்டால் காம்பரா போகும், காம்பரா விட்டால் வேலைக்குத் தூரம். போகச் சொல்லிவிட்டுப் போக இடம் காட்டாத எச்சரிக்கையால் என்ன பயன்?

இது இலங்கைக்கு மட்டும் உரியதும் இல்லை. 2020 ஓகஸ்ட் 6ஆம் திகதி இரவு கேரளத்தில் மூணாருக்குப் பக்கத்தில் பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் போனார்கள். அங்கேயும் தமிழர், அங்கேயும் தேயிலை, அங்கேயும் லயம். திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலையில் கதை வேறு மாதிரி. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற அந்தத் தோட்டத்தின் குத்தகை 2028இல் முடிகிறது. 2024இல் தொழிலாளரை விருப்ப ஓய்வில் அனுப்பி வீடுகளை விட்டு இறங்கச் சொன்னார்கள். காட்டைக் காப்பாற்றுவது நல்ல விசயம். ஆனால் 99 வருடக் குத்தகைக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் லாபத்தோடு போகிறார்கள், கொழுந்து எடுத்தவர்கள் வெறுங்கையோடு இறங்குகிறார்கள்.

இந்த மலைகளை ஆர் முதலில் வெட்டினது என்பதையும் நாங்கள் மறந்துவிடுகிறோம். கோப்பிக்காகக் காடுகளை மொட்டையடித்த காலத்தில் துரைமாரிடம் யாரும் சூழல் அறிக்கை கேட்கவில்லை. பெருமளவு காடு போன பிறகுதான், 1873இல், லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஜோசப் ஹூக்கர் 5,000 அடிக்கு மேலே மிஞ்சியிருக்கிற காட்டை விற்க வேண்டாம் என்று ஆலோசனை சொன்னார். அந்தத் துரைமாரின் பங்களாக்களில் சில இப்போது உல்லாச விடுதிகள். அவற்றைச் சுற்றி நீச்சல் தடாகமும் புது ரோட்டும் வரலாம். அதே மலையில் தொழிலாளி ஒரு குசினி போட்டால் அது "அனுமதியற்ற கட்டடம்". சரிவு இரண்டு பேருக்கும் ஒரே சரிவுதானே?

இந்தத் தோட்ட முறையைக் கொண்டுவந்த இங்கிலாந்து தன் ஊரில் என்ன செய்கிறது என்றும் பார்ப்போம். அங்கே நாட்டுப்புறத்தில் தனியாக வீடு கட்டச் சும்மா விடமாட்டார்கள். ஆனால் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பண்ணையில் வேலை செய்கிறவர் அந்த இடத்திலேயே இருந்தாக வேண்டிய அத்தியாவசியத் தேவை இருக்கிறது என்று காட்டினால் அனுமதி கிடைக்கலாம். வேலையோடு சேர்ந்து வரும் வீடு அங்கேயும் நெடுங்காலப் பிரச்சினைதான், வேலை போனால் வீடும் போகும். அதற்காகவே 1976இல் தனிச் சட்டம் கொண்டுவந்து பண்ணைத் தொழிலாளிக்குக் குடியிருப்புப் பாதுகாப்புக் கொடுத்தார்கள். வேலை இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அங்கே வீடு கட்ட அனுமதி கேட்பதற்கான காரணம். எங்கட மலையில் அதே காரணத்தைச் சொல்லித்தான் ஒரு சமூகத்தையே உறுதி இல்லாமல் வைத்திருந்தார்கள்.

"இந்தியா வீடு கட்டிக் கொடுக்குது தானே?" ஓம், கொடுக்கிறது. முதலில் 4,000 வீடுகள். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் வந்து இன்னும் 10,000 என்று அறிவித்தார். வீடு கிடைத்த குடும்பத்துக்கு அது பெரிய விசயம், அதை நாங்கள் சிறிதாக்கவில்லை. ஆனால் வெளிநாடு ஒன்று சுவரும் கூரையும் தரலாம், காணி உறுதியை இலங்கை அரசு மட்டும்தான் தர முடியும். உறுதி இல்லாத வீட்டைப் பாங்கில் வைத்துக் கடன் எடுக்க ஏலாது, பிள்ளைக்கு எழுதிக் கொடுக்க ஏலாது.

ஆகவே எங்கட நிலைப்பாடு இதுதான். ஆபத்தான இடத்தில் யாரும் வீடு கட்டக்கூடாது, சரி. அந்த விதி லயத்துக்கும் பங்களாவுக்கும் ஹோட்டலுக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மண்சரிவு ஆபத்து வரைபடத்தை வைத்து ஒவ்வொரு தோட்டத்திலும் பாதுகாப்பான காணியை முதலில் குடியிருப்புக்கு ஒதுக்க வேண்டும். தேயிலை வளராத செங்குத்தான மூலையைத் தள்ளிவிடுவது ஒதுக்குவதாகாது. அந்தக் காணிக்கு உறுதி எழுத வேண்டும், பெண்ணின் பெயரும் அதில் இருக்க வேண்டும். அந்தத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர் பெரும்பாலும் பெண்கள் தானே. பிறகு பிளானைப் பிரதேச சபை பார்க்கட்டும், எங்கட வீட்டு பிளானைப் பார்க்கிற மாதிரி. தோட்ட முகாமையாளரிடம் குசினிக்கு அனுமதி கேட்கிற காலம் முடிய வேண்டும்.

1992இலிருந்து எண்ணினால் அந்த 53 வருடக் குத்தகை 2045இல் முடியும். அப்போது எங்களுக்கு நாற்பது தாண்டியிருக்கும். அந்தக் காணியை யாருக்கு எழுதுவது என்ற பேச்சு கம்பனிகளுக்கும் அமைச்சுக்கும் இடையில் மட்டும் நடந்து முடிந்துவிடக்கூடாது. அடுத்த முறை யாராவது "மலையில ஒருத்தரையும் கட்ட விடக்கூடாது" என்று சொன்னால், கோபப்படாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: "சரி, அப்ப அந்தச் சனம் எங்க போய்க் கட்டுறது, எந்தக் காணியில?" பதில் சொல்லத் தொடங்கினாலே மிச்சக் கதை தானாக வரும்.