வித்தவுட்டும் தப்பான டிக்கெட்டும் ஒன்றா?

ஜப்பான் ரயில்களைப் பற்றி யார் எழுதினாலும் நேரம் தவறாமையில்தான் ஆரம்பிப்பார்கள். 2017 நவம்பரில் சுகுபா எக்ஸ்பிரஸ் வண்டி ஒன்று 20 விநாடி முன்னதாகக் கிளம்பிவிட்டது, அதற்கு அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது என்ற செய்தி நம் வகுப்பில் எல்லோருக்கும் ஒருமுறையாவது ஃபார்வர்டாக வந்திருக்கும். எனக்கு அதில் பெரிய ஆச்சரியம் இல்லை. பணமும் ஆளும் போட்டால் வண்டி நேரத்துக்கு ஓடும். இரண்டு மாதப் பயிற்சிக்காக டோக்கியோ போய் வந்ததில் என்னை யோசிக்க வைத்தது வேறு விஷயம். தப்பான டிக்கெட்டோடு மாட்டிக்கொண்டவனை அங்கே எப்படி நடத்துகிறார்கள் என்பதுதான் அது.

மாட்டிக்கொண்டவன் நான்தான், வேறு யார்?

சுற்றுலா போகிறவர்கள் பெரும்பாலும் நாடு முழுக்கச் செல்லும் ஜே.ஆர். பாஸ் வாங்கிவிடுவார்கள். அவர்களுக்கு இந்தத் தொல்லையே வராது. ஆனால் 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸின் விலையை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏற்றிவிட்டார்கள். என் பர்ஸுக்கு அது ஆகாது. புல்லட் ரயிலும் ஆகாது. எனவே ஒரு சனிக்கிழமை காலை சாதாரண பாசஞ்சர் வண்டியிலேயே ஷிசுவோகா வரை போய்வரலாம் என்று கிளம்பினேன். சுமார் 180 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம். வழியில் கடல் தெரியும். வானம் தெளிவாக இருந்தால் ஃபுஜி மலையும் தெரியும். (எனக்குத் தெரியவில்லை. மேகம்.)

கையில் வழக்கமாகப் பயன்படுத்தும் ரயில் கார்டு. கேட்டில் காட்டினால் திறக்கும், இறங்கும் இடத்தில் மறுபடி காட்டினால் காசைக் கழித்துக்கொள்ளும். 2013லிருந்து இந்த வகைக் கார்டுகளில் பத்து, நாட்டின் பெரும்பாலான நகரங்களில் செல்லும். ஆனால் ஒரு வில்லங்கம் உண்டு. ஒரு நிறுவனத்தின் பகுதியில் ஏறி, எல்லை தாண்டி, இன்னொரு நிறுவனத்தின் பகுதியில் இறங்கும் பயணத்துக்குச் சாதாரணமாக இது செல்லாது. அந்த எல்லை அதாமி என்ற ஊரில் இருக்கிறது. அங்கே வண்டி மாறும்போது நிலையத்தை விட்டு வெளியே வருவதில்லை. நடைமேடையிலேயே அடுத்த வண்டியில் ஏறிவிடலாம். எல்லை தாண்டியதே தெரியாது. அறிவிப்பு சொல்லியிருப்பார்கள். நான் தூக்கக் கலக்கத்தில் இருந்தேன்.

ஷிசுவோகாவில் கார்டை வைத்தேன். டப்பென்று கேட் மூடிக்கொண்டது. சிவப்பு விளக்கு, பீப் சத்தம், பின்னால் வரிசை.

நம்மூரில் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயிலில் போய்ப் பழகியவர்களுக்கு அப்போது வயிற்றில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பர்ஸில் எவ்வளவு இருக்கிறது, பாஸ்போர்ட்டைக் கேட்பார்களா, பயிற்சி நிறுவனத்துக்குத் தகவல் போகுமா என்று அரை நிமிடத்தில் எல்லாம் ஓடி முடிந்துவிட்டது. ஓரத்தில் இருந்த ஊழியரிடம் போய் மனப்பாடம் செய்து வைத்திருந்த மன்னிப்பு வாக்கியத்தைச் சொன்னேன். அவர் என் கார்டை வாங்கி எங்கே ஏறினேன் என்று பார்த்தார், கட்டணத்தைச் சொன்னார். மூவாயிரத்துச் சொச்சம் யென். டிக்கெட் வாங்கியிருந்தால் கொடுத்திருக்க வேண்டிய அதே தொகைதான், ஒரு யென் கூட அதிகமில்லை. ரொக்கமாக வாங்கிக்கொண்டு ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்தார். கார்டில் 'ஏறியவர் இறங்கவில்லை' என்ற பதிவு நிற்குமாம், டோக்கியோ பக்கம் திரும்பியதும் சீட்டைக் காட்டி நீக்கிக்கொள்ள வேண்டுமாம். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கவே இல்லை.

அதற்குப் பிறகுதான் எல்லா நிலையங்களிலும் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த இயந்திரத்தைக் கவனித்துப் பார்த்தேன். கட்டணச் சரிக்கட்டு இயந்திரம் என்று சொல்லலாம். வாங்கிய டிக்கெட்டைத் தாண்டிப் பயணம் செய்துவிட்டீர்களா? டிக்கெட்டை உள்ளே போடுங்கள், குறைகிற தொகையைத் திரையில் காட்டும். போட்டால் புதுச் சீட்டு வரும், கேட் திறக்கும். அவ்வளவுதான். ஜப்பானிய எழுத்தில் மட்டும் இருக்கும் கட்டணப் பலகையைப் படிக்கத் தெரியாத வெளிநாட்டுக்காரர்கள், குறுகிய தூரங்களுக்கு இருப்பதிலேயே மலிவான டிக்கெட்டை வாங்கிக்கொண்டு போய், இறங்கும் இடத்தில் மீதியைக் கட்டிவிடுவது பழைய வழக்கம். நம்மூரில் இப்படி ஒரு யோசனை சொன்னால் ஆளை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

இன்னும் இருக்கிறது. காகித டிக்கெட்டோடு போகும்போது தூங்கிவிட்டு இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனால், ஊழியரிடம் சொல்லி அவர் அதை ஒப்புக்கொண்டால், திரும்பி வரக் கட்டணம் கிடையாது. ஜே.ஆர். விதிகளிலேயே அப்படி இருக்கிறது. டிக்கெட் தொலைந்துவிட்டால் மறுபடி கட்டணம் கட்டத்தான் வேண்டும். ஆனால் அதற்கு ஒரு சான்று தருவார்கள். ஒரு வருடத்துக்குள் பழைய டிக்கெட் கிடைத்தால் சிறு தொகையைப் பிடித்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தருவார்கள். யாரோ உட்கார்ந்து, மனிதன் எப்படியெல்லாம் சொதப்புவான் என்று பட்டியல் போட்டு விதி எழுதியிருக்கிறார்கள்!

இதைச் சொன்னதும் என் அறை நண்பன் உடனே, "அவங்க யோக்கியமானவங்கடா, அதான் நடக்குது, இங்க நடக்குமா?" என்றான். இந்தப் பேச்சுதான் எனக்குப் பிடிக்காதது. அங்கே வித்தவுட்டில் போகிறவனுக்குத் தனியாக ஒரு சொல்லே இருக்கிறது. கிசேரு. அது பழைய காலத்துப் புகைக்குழாய். இரண்டு முனையிலும் உலோகம், நடுவில் வெறும் மூங்கில். ஏறும் இடத்தில் ஒரு சின்ன டிக்கெட், இறங்கும் இடத்தில் ஒரு சின்ன டிக்கெட், நடுவில் நூறு கிலோமீட்டர் இலவசம் என்று ஏமாற்றுவதற்கு அந்தப் பெயர். யோக்கியர்கள் மட்டும் வாழும் நாட்டில் இவ்வளவு அழகான உவமை பிறந்திருக்காது. கிசேருவில் பிடிபட்டால் கட்டணமும், அதைப்போல் இரண்டு மடங்கும் சேர்த்து மூன்று பங்கு கட்ட வேண்டும். ஏமாற்றுகிறவனுக்கு ஒரு வழி, தவறியவனுக்கு ஒரு வழி. இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள்.

பல நாடுகளில் அப்படி வைக்கவில்லை. ஐரோப்பாவில் படிக்கப்போன என் சீனியர் ஒருவர் போன முதல் வாரமே சரியான டிக்கெட் வாங்கியும் அதில் முத்திரை குத்த மறந்துவிட்டார். பரிசோதகர் வந்தார், அபராதம் போட்டார். டிக்கெட்டே வாங்காத பக்கத்து சீட்காரருக்கும் அதே தொகைதான். ஜெர்மனியில் பொதுவான அபராதம் 60 யூரோ, 2015 வரை அது 40. மாதப் பாஸை வீட்டில் மறந்துவிட்டுப் பிறகு கொண்டுவந்து காட்டுகிறவரை மட்டும் சிறு தொகையோடு விடுகிறார்கள். அங்கே டிக்கெட் இல்லாமல் போவது குற்றவியல் சட்டத்திலும் வருகிறது. நீதிமன்றம் போட்ட அபராதத்தைக் கட்ட வழியில்லாதவர்கள் சிறைக்கே போகிறார்கள்.

கேட் இல்லாத நிலையங்கள் அழகு, ஒப்புக்கொள்கிறேன். தள்ளுவண்டியோடு போகிற அம்மாவுக்கும் சைக்கிளோடு போகிறவருக்கும் வசதி. கேட்டுக்கும் இயந்திரத்துக்கும் ஆகும் செலவு மிச்சம். ஆனால் பரிசோதகர் கையில் சீட்டு மட்டும்தான் இருக்கிறது, மனசு இல்லை. ஆகவே எல்லோரையும் திருடனாக வைத்துக் கணக்குப் போடுவதுதான் அவருக்குச் சுலபம். மொழி தெரியாத வெளியூர்க்காரன்தான் அதிகம் மாட்டுவான். உள்ளூர்த் திருடனுக்குப் பரிசோதகர் எந்த நிலையத்தில் ஏறுவார் என்பது வரை அத்துபடி. கேட் வைக்க வேண்டாம், இறங்கும் இடத்தில் தானாக வந்து மீதியைக் கட்ட ஒரு மூலை ஒதுக்கலாமே? அப்படி வந்து கட்டுகிறவனிடம் அபராதம் வாங்காமல் இருக்கலாமே?

ஜப்பானைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் எனக்கு விருப்பமில்லை. கார்டு எல்லை தாண்டாது என்பது பயணியின் தவறா? ரயில்வேயை 1987ல் பல நிறுவனங்களாகப் பிரித்ததன் சுமையைப் பயணி தலையில் வைத்திருக்கிறார்கள். ஊழியர் என்னிடம் தன்மையாக நடந்துகொண்டதற்கு, அங்கே ஒரு ஊழியர் இருந்ததும் ஒரு காரணம். நாட்டுப்புறங்களில் ஆளில்லாத நிலையங்கள் ஏராளம். ஒற்றைப் பெட்டி வண்டியில் ஏறும்போது எண் போட்ட சீட்டை எடுத்துக்கொண்டு, இறங்கும்போது ஓட்டுநர் பக்கத்து உண்டியலில் காசு போட வேண்டும், பஸ் மாதிரி. அது பரவாயில்லை, கண்ணெதிரே ஓட்டுநராவது இருக்கிறார். கிழக்கு ஜப்பான் ரயில் நிறுவனம் 440 நிலையங்களில் இருந்த டிக்கெட் அலுவலகங்களை 2025க்குள் 140 ஆகக் குறைக்கப்போவதாக 2021ல் அறிவித்தது. பாதி வழியில் வரிசைகள் நீண்டுபோய், 2024ல் அந்தத் திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். இயந்திரம் குறைகிற தொகையைச் சொல்லும். "பரவாயில்லை, இந்தச் சீட்டை அங்கே காட்டுங்கள்" என்று அது என்னிடம் சொல்லியிருக்காது.

திரும்பும்போது காகித டிக்கெட் வாங்கினேன். டோக்கியோ வந்ததும் துண்டுச்சீட்டை நீட்டினேன். ஊழியர் கார்டை ஒரு பெட்டியில் வைத்து ஏதோ இரண்டு பொத்தானைத் தட்டி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். எனக்குப் பின்னால் பள்ளிச் சீருடையில் ஒரு பையன் நின்றிருந்தான். அவன் கையிலும் அதே மாதிரி ஒரு சீட்டு.