சேரியிலிருந்து ஒரு ‘சார்’

நம் பிள்ளைகள் ஆசிரியர் வேலையை ஏன் விரும்புகிறார்கள்? சம்பளம், ஓய்வூதியம் என்பது பாதி உண்மைதான். சேரியில் பிறந்தவரை ஊர்த்தெருக்காரர் ‘சார்’ என்று கூப்பிடும் வேலை இது. வகுப்பறையைப் பெருக்கச் சொல்லப்பட்ட பிள்ளை, அந்த விளக்குமாறு இன்னொரு பிள்ளையின் கைக்குப் போகக் கூடாது என்றே பி.எட். படிக்கிறது.

அந்த வைராக்கியத்துக்கு அரசு வைத்த விலை என்ன? 2022-ல் தற்காலிக இடைநிலை ஆசிரியருக்கு நிர்ணயித்த மாதச் சம்பளம் 7,500 ரூபாய். 2013-ல் தகுதித் தேர்வில் வென்றவர்களில் பலர் பத்தாண்டு கழித்தும் நியமனம் கேட்டுத் தெருவில் நின்றார்கள். நகையை அடகு வைத்துப் படிக்கவைத்த வீடு இன்னும் எத்தனை நாள் தாங்கும்?

படித்தவர்கள் இருக்கிறார்கள், பணியிடங்கள்தான் பூட்டிக் கிடக்கின்றன. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் காலியிடங்களில் நிரந்தர ஆசிரியர்களை நியமிக்கக் கோரி, வரும் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவருவோம்.