சுவரின் ஈரத்துக்கு யார் பொறுப்பு?

கண்டி நகரில் ஐப்பசி மழை இறங்கிவிட்டால், சட்டத்தரணிகளிடம் ஒரு முறைப்பாடு தவறாமல் வந்து சேர்கிறது. தொடர்மாடியிலே வாடகைக்கு இருக்கும் குடும்பம். குளிரூட்டியை இயக்கினால் முடைநாற்றம். அதனை அடுத்த சுவரிற் கரும்பூஞ்சணம். குழந்தைக்கு ஓயாத இருமல். “நீங்கள் துப்புரவாக வைத்திருக்கவில்லை” என்கிறார் வீட்டுக்காரர். “நீங்கள் பழுதுபார்க்கவில்லை” என்கிறார் குடியிருப்பவர். முற்பணத்திற் கழிப்பதா என்பதிலே சண்டை முற்றுகிறது.

இவ்விடயத்திற் சட்டம் ஊமையன்று. வாடகைக்கு விடுபவர் வீட்டைக் குடியிருக்கத் தக்க நிலையிற் கொடுத்தலும், அந்நிலையிலேயே பேணுதலும் வேண்டும் என்பது நம் நாட்டில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டத்தின் விதி. தம் கவனக்குறைவால் விளையும் சேதத்துக்கு மட்டுமே குடியிருப்பவர் பொறுப்பாளி. குளிரூட்டி காற்றின் ஈரத்தை நீராக்கித் தட்டில் விடுகிறது. அந்நீர் குழாய்வழி வெளியேறல் வேண்டும். வடிகட்டியிற் படியும் தூசியைக் கழுவுவது பயன்படுத்துவோர் கடமை. குழாயைச் சரிவின்றிப் பொருத்தியதும், கூரை ஒழுகுவதும், சுவருக்குள் நீர் இறங்குவதும் உரிமையாளர் கணக்கு. காரணம் எவரிடமோ, பொறுப்பும் அவரிடமே.

ஆனால் நீதிமன்றம் கண்ணீரைக் கேட்பதில்லை, சான்றையே கேட்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படல் வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் விதித்திருந்தும், பலர் வாய்ப்பேச்சிலேயே மாத வாடகைக்குக் குடியிருக்கின்றனர். பூஞ்சணம் தோன்றிய அன்றே திகதியிட்ட கடிதமும் படமும் உரிமையாளருக்கு அனுப்புங்கள். பிரதியைப் பத்திரப்படுத்துங்கள்.

நகரத்தாருக்குக் கடிதம் அனுப்ப ஒரு முகவரியாவது உண்டு. கலஹாவிலும் தெல்தோட்டையிலும் புசல்லாவையிலும் லயத்தில் வாழ்வோர் யாருக்கு எழுதுவது? அங்கே குளிரூட்டி இல்லை, ஒழுகும் தகரமும் ஈரத் தரையும் அடுப்புப் புகையும் உண்டு, பூஞ்சணமும் உண்டு. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் பலவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. கண்டிப் பகுதியிற் பல தோட்டங்கள் அரச நிறுவனங்களிடமே எஞ்சின. துரை மேலிடத்தைக் காட்டுகிறார்; மேலிடம் அமைச்சைக் காட்டுகிறது. வாடகை கொடுக்காததால் தொழிலாளி வாடகைக் குடியாளர் அல்லர். காணி உறுதி இல்லாததால் உரிமையாளரும் அல்லர். ஈரம் மட்டும் அவருக்கே உரியது!

இது சிறு தொல்லை என்று எவரும் எண்ணவேண்டாம். ஈரமும் பூஞ்சணமும் நிறைந்த வீட்டுக்கும் ஆஸ்துமா முதலிய சுவாச நோய்களுக்கும் தொடர்புண்டென உலகச் சுகாதார நிறுவனம் 2009இலேயே எச்சரித்தது. இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் 2020இல் இரண்டு வயதுக் குழந்தையொன்று மாண்டது. வீட்டுப் பூஞ்சணமே காரணமென 2022இல் மரண விசாரணை தீர்ப்பளித்தது. பெற்றோர் பலமுறை முறையிட்டிருந்தனர். 2023இல் அங்கே சட்டம் பிறந்தது. சமூக வீடமைப்பு நிறுவனங்கள் அவசர ஆபத்துகளை 24 மணி நேரத்துள் கவனித்தல் வேண்டும் என்ற விதி 2025 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

ஒரு பிள்ளையின் உயிரைப் பலிகொடுத்த பின்னர்தானா நாமும் விழிக்கவேண்டும்? எழுத்துமூல முறைப்பாட்டுக்குப் பின் எத்தனை நாளிற் பழுது நீக்கப்படல் வேண்டும் என்பதைச் சட்டம் வரையறுக்கட்டும். ஒவ்வொரு தோட்டத்திலும் குடியிருப்புக்குப் பொறுப்பாளர் இன்னார் என எழுத்தில் அறிவிக்கப்படட்டும். லயத்தில் வாழ்வோருக்குக் காணி உறுதி வழங்கப்படட்டும்.

தொடர்மாடியில் வாழும் உத்தியோகத்தரும் லயத்தில் வாழும் தொழிலாளியும் வெவ்வேறு கூரையின் கீழ் உறங்கலாம். பிள்ளைகளின் இருமல் ஒன்றே. அதற்குப் பொறுப்பேற்க ஒருவர் இருந்தே தீரவேண்டும்.